கறுவா ஒன்றல்ல

நமது வீடுகளில் கறுவா மணக்காத விசேடம் இல்லை. நெய்ச்சோறானாலும் புரியாணியானாலும், ஹஜ்ஜுப் பெருநாளன்று கொதிக்கும் இறைச்சிக் கறியானாலும், தாச்சியில் எண்ணெய் காய்ந்தவுடன் உம்மாவின் கை முதலில் தேடுவது கறுவாப்பட்டையைத்தான். இவ்வளவு நெருக்கமான ஒரு பொருளைப் பற்றி நாம் எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறோம்! கறுவா என்றால் ஒரேயொரு மரம், அது தோட்டத்தில் வளர்வது, கடையில் விற்பது என்ற அளவோடு நமது அறிவு நின்றுவிடுகிறது.

உண்மையில் இலங்கையின் கறுவாக் குடும்பத்தில் எட்டு உறுப்பினர்கள் உண்டு. நாம் சமைப்பதற்கு எடுப்பது அவற்றில் ஒன்றை மட்டுமே. மற்றைய ஏழும் காட்டில் வாழ்பவை. இலங்கைக்கே உரியவை என்று தாவரவியல் நூல்களில் இடம்பெற்றவை. அவற்றுள் பெரும்பாலானவை இன்று அழிவின் அச்சுறுத்தலை எதிர்நோக்கியுள்ளன. உயர்தரத்தில் உயிரியல் கற்கும் மாணவி என்ற வகையில் இதைப் பற்றி நான் தேடிப் படித்தபோது என் மனதில் உறுதியான ஒரு கருத்து இதுதான்: காட்டுக் கறுவாவைக் காப்பாற்றுவதென்பது ஏழு பெயர்களைக் காப்பாற்றுவதோடு முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு பெயருக்குள்ளும் இருக்கின்ற வேறுபாடுகளையும் காப்பாற்ற வேண்டும். இவ்விரண்டாவது வேலையை நாம் இன்னும் சரியாகத் தொடங்கவில்லை என்பதே எனது கவலை.

முதலில் அந்த ஏழு பேரையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன். தோட்டத்துக் கறுவாவின் விஞ்ஞானப் பெயர் சின்னமோமம் வேரம். அதன் காட்டு உறவினர்கள் சின்னமோமம் டுபியம், ஓவலிபோலியம், லிற்சியிபோலியம், சிற்றியோடோரம், கப்பாரு-கொரொண்டே, றிவ்யுலோரம், சிங்கராஜென்ஸ் என்பன. கேட்கக் கடினமாக இருந்தாலும் இப்பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு செய்தி சொல்கின்றன. சிற்றியோடோரம் என்றால் எலுமிச்சை மணமுடையது. சிங்கள மக்கள் இதனைப் 'பங்கிரி குருந்து' என்பர். றிவ்யுலோரம் என்பது நீரோடைகளைச் சுட்டும் பெயர். சிங்கராஜென்ஸ் எந்தக் காட்டின் பிள்ளை என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கப்பாரு-கொரொண்டே என்பது இன்னும் சுவையானது. அது இலத்தீனே அல்ல. 'கபுறு குருந்து', அதாவது கற்பூரக் கறுவா என்ற நமது நாட்டுச் சிங்களப் பெயரை ஐரோப்பியத் தாவரவியலாளர் தமது நாவுக்கு ஏற்றபடி எழுதிக்கொண்டது. தமிழில் குருந்து என்பது வேறொரு மரத்தைக் குறிக்கும் என்பதால் மயங்கிவிட வேண்டாம். சிங்களத்தில் குருந்து என்றால் கறுவா. கொழும்பின் கறுவாத்தோட்டத்தைச் சிங்களத்தில் குருந்துவத்த என்பதும் அதனால்தான். இந்த ஏழுக்கும் தமிழில் வழக்கிலுள்ள தனிப் பெயர்களை நான் எங்கும் காணவில்லை. நாம் பெயர் வைத்து அழைக்காத ஒன்றை இழக்கும்போது இழந்தோம் என்பதுகூட நமக்குத் தெரியாமல் போய்விடும்.

கறுவாவின் வரலாறே காட்டில்தான் தொடங்குகிறது. 1344 ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, புத்தளக் கரையோரத்தில் வெள்ளம் அடித்துவந்து ஒதுக்கிய கறுவாக் கட்டைகள் குன்றுபோல் கிடந்ததைத் தமது பயண நூலில் குறிப்பிட்டுள்ளார். எவரும் நட்டு வளர்த்த மரங்களல்ல அவை. அரபு வணிகரும் நம் மூதாதையரும் கடல் கடந்து கொண்டுசென்றதும், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கோட்டை கட்டிச் சண்டையிட்டதும் காட்டிலிருந்து உரித்த பட்டைக்காகத்தான். 1760களின் பிற்பகுதியில் ஆளுநர் பல்க் காலத்தில்தான் ஒல்லாந்தர் கறுவாவைத் தோட்டப் பயிராக்கும் முயற்சியில் இறங்கினர். அப்படிப் பார்த்தால் தோட்டக் கறுவாவின் வயது இருநூற்றைம்பது ஆண்டுகளைச் சற்றுத் தாண்டியது மட்டுமே. அதற்கு முன்னைய அதன் வரலாறு முழுவதும் காடுதான். இன்று அந்தத் தாய் வீட்டை மறந்துவிட்டு பிள்ளையின் சம்பாத்தியத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இனி, இனத்துக்குள் இருக்கும் வேறுபாடு என்று நான் சொன்னதை விளக்க வேண்டும். நமது பாடநூல் உயிர்ப்பல்வகைமையை மூன்று மட்டங்களில் பிரிக்கிறது: சூழற்றொகுதிப் பல்வகைமை, இனப் பல்வகைமை, பிறப்புரிமைப் பல்வகைமை. முதலிரண்டும் கண்ணுக்குத் தெரிபவை. மூன்றாவது கண்ணுக்குத் தெரியாதது; ஆகவே பரீட்சை முடிந்ததும் மறக்கப்படுவதும் அதுதான். ஆனால் அதைப் புரிந்துகொள்ள நமது வீட்டைப் பார்த்தாலே போதும். ஒரே உம்மா வாப்பாவுக்குப் பிறந்த சகோதரிகளில் ஒருத்திக்குத் தூசு ஒத்துவராது, மற்றொருத்திக்கு எதுவும் செய்யாது. ஒரே இனத்தைச் சேர்ந்த மரங்களும் அப்படித்தான். ஒன்று வறட்சியைத் தாங்கும், ஒன்று பங்கசைத் தாங்கும், இன்னொன்றின் எண்ணெய் கூடுதலாக மணக்கும்.

கறுவா மணப்பது அதன் எண்ணெயால். ஒரே மரத்தின் பட்டையில் சின்னமல்டிகைட்டும், இலையில் இயூஜினோலும், வேரில் கற்பூரமும் மேலோங்கி நிற்கின்றன. ஒரு மரத்துக்குள்ளேயே மூன்று மணங்கள்! மரத்துக்கு மரம் இவற்றின் அளவு மாறுபடும். மாத்தறைப் பக்கம் கறுவா வியாபாரம் செய்யும் என் சாச்சா சொல்வார்: அனுபவமுள்ள உரிப்பாளர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றே இது எந்த வகை என்று சொல்லிவிடுவாராம். இனிப்பானது பெனி குருந்து, துவர்ப்பானது கஹட்ட குருந்து, மெல்லும்போது வழவழப்பது செவல குருந்து, மணல்போல் நறநறப்பது வெலி குருந்து என்று அவர்கள் ஒரே கறுவாவுக்குள் பல கறுவாக்களைக் கண்டார்கள். ஆய்வுகூடங்கள் வருவதற்கு முன்பே பிறப்புரிமைப் பல்வகைமையை நாக்கால் அளந்தவர்கள் அந்த ஏழைத் தொழிலாளர்கள். தோட்டத்துக் கறுவாவில் நாக்கால் அறியக்கூடிய இவ்வளவு வேறுபாடு இருக்குமானால், எவரும் மென்று பாராத காட்டு இனங்களுக்குள் என்னென்ன இருக்குமென்று எண்ணிப் பாருங்கள்.

"இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் நமக்கென்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு விடை சொல்ல இந்த நாட்டின் கோப்பித் தோட்டங்களே போதும். தேயிலைக்கு முன் மலைநாட்டை ஆண்டது கோப்பி. 1869 இல் அதன் இலைகளின் கீழ்ப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்த நோயொன்று இங்கு இனங்காணப்பட்டது. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பங்கசினால் உண்டான இலைத்துரு நோய் அது. இரு தசாப்தங்களுக்குள் கோப்பித் தொழில் நிலைகுலைந்தது, பயிரிட்டோர் கடனாளிகளாயினர். ஏன் இப்படி? உலகெங்கும் பரப்பப்பட்ட அரபிக்காக் கோப்பி மிகச் சில தாய்ச்செடிகளின் வழித்தோன்றல். ஒரு செடியைத் தாக்கக்கூடிய நோய் எல்லாச் செடிகளையும் தாக்கியது. தடுத்து நிற்க வேறுபட்ட செடி தோட்டத்தில் இருக்கவில்லை. பின்னாளில் இந்நோய்க்கு எதிர்ப்புச் சக்தி கிடைத்தது எங்கிருந்து தெரியுமா? திமோர் தீவில், அரபிக்காவும் அதன் உறவினமான றொபஸ்டாவும் இயற்கையாகக் கலந்து உண்டான ஒரு கலப்பிலிருந்து. உறவினர் இல்லாத பயிர் ஆபத்தில் அநாதை.

நெல்லின் கதை இதைவிடக் கூர்மையானது. 1970களில் ஆசிய வயல்களைக் குட்டைப்புல் வைரசு நோய் தாக்கியபோது பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தனர். பயன்தரும் எதிர்ப்புச் சக்தி கிடைத்தது இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திலிருந்து சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லில். அந்தக் காட்டு நெல்லின் எல்லா மாதிரிகளிலும் அது இருக்கவில்லை. ஒரேயொரு சேகரிப்பில்தான் இருந்தது. அந்த ஒரு குட்டையை யாராவது மண்ணிட்டு மூடியிருந்தால்? இனம் அழிந்திருக்காது, பெயர் பட்டியலில் இருந்திருக்கும், ஆனால் கோடிக்கணக்கான மக்களின் சோற்றைக் காத்த பண்பு மட்டும் போயிருக்கும். இனத்தின் பெயரைக் காப்பது போதாது என்று நான் சொல்வதன் பொருள் இதுதான்.

"பேராதனைப் பூங்காவில் ஒவ்வொன்றிலும் ஒரு மரத்தை வைத்துக் காப்பாற்றலாமே" என்பது அடுத்த யோசனை. பூங்காக்கள் செய்யும் பணி பெரியது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் ஒரு மரம் என்பது ஒரு மரம்தான். இதற்கு ஒரு விசித்திரமான காரணமும் உண்டு. கறுவாப் பூ இரண்டு முறை விரியும். முதன்முறை விரியும்போது அது பெண். மூடி மறுநாள் மீண்டும் விரியும்போது ஆண். மரங்களிலும் இரு வகை உண்டு. ஒரு வகை மரத்தின் பூக்கள் காலையில் பெண்ணாக விரிந்து மறுநாள் பிற்பகலில் ஆணாகும். மற்ற வகையின் பூக்கள் பிற்பகலில் பெண்ணாக விரிந்து மறுநாள் காலையில் ஆணாகும். காலையில் ஒன்றின் மகரந்தம் மற்றதற்கு, மாலையில் மற்றதன் மகரந்தம் இதற்கு. தேனீக்களும் ஈக்களும் இடையே தூது செல்லும். இதே குடும்பத்தைச் சேர்ந்த வெண்ணெய்ப்பழ மரத்திலும் இந்த ஒழுங்கு காணப்படுகிறது. அயல் மகரந்தச் சேர்க்கை நடைபெற வேண்டும், பிள்ளைகளுக்குள் வேறுபாடு பெருக வேண்டும் என்பதற்காகப் படைத்தவன் வைத்த நுட்பமான ஏற்பாடல்லவா இது! துணையின்றித் தனித்து நிற்கும் மரத்துக்கு இந்த ஏற்பாட்டில் பங்கில்லை. காட்டில் பத்து மரங்கள் மிஞ்சி அவை பெரும்பாலும் ஒரே வகையாகிவிட்டாலும் நிலை அதுதான். மரங்கள் பச்சையாகவே நிற்கும். அடுத்த தலைமுறை மட்டும் வராது.

"விதையைச் சேமித்து வைக்கலாமே?" என்றும் கேட்கலாம். கன்னொறுவையிலுள்ள தாவரப் பிறப்புரிமை வளங்கள் நிலையம் நமது பாரம்பரிய நெல்லினங்களின் விதைகளை உலர்த்திக் குளிரூட்டிப் பல்லாண்டு பாதுகாத்து வருகிறது. நெல்லுக்கு அது பொருந்தும். கறுவா விதையோ உலர்த்தினால் இறந்துவிடும் வகையைச் சேர்ந்தது. பழுத்து விழுந்த சில வாரங்களுக்குள் அதன் முளைதிறன் மறைந்துவிடுகிறது. அதைப் போத்தலில் அடைத்து நாளைக்கென்று எடுத்துவைக்க முடியாது. ஆகவே கறுவாவுக்கு உரிய களஞ்சியம் காடு; காட்டை விட்டால் பல இடத்து மரங்களைப் பல எண்ணிக்கையில் நட்டு வளர்க்கும் உயிர்ச் சேகரிப்புத் தோட்டம்.

அந்தக் காட்டின் நிலை என்ன? 1956 ஆம் ஆண்டளவில் இலங்கையின் நிலப்பரப்பில் 44 சதவீதம் காடாக இருந்தது. 2010 இல் அது 30 சதவீதத்துக்கும் சற்றுக் கீழே இறங்கிவிட்டது. மிஞ்சியதிலும் பெரும்பகுதி உலர்வலயத்தில். காட்டுக் கறுவாக்களின் தாயகமான ஈரவலயத்திலோ மக்கள் நெருக்கம் அதிகம். தேயிலைக்கும் இறப்பருக்கும் கறுவாத் தோட்டத்துக்குமே இடையில் காடு சிறு சிறு துண்டுகளாகக் கிடக்கிறது. ஒரு துண்டிலுள்ள மரம் அடுத்த துண்டிலுள்ள மரத்தோடு மகரந்தம் பகிர முடிவதில்லை. தனித்துப்போன சிறு கூட்டத்தில் நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்க்கை நிகழ்கிறது, வேறுபாடு தலைமுறைக்குத் தலைமுறை சுருங்குகிறது. இதற்கு மேல் மருந்துக்கென்று நின்ற மரத்தின் பட்டையைச் சுற்றிவர உரித்தெடுக்கும் வழக்கமும் உண்டு. தோட்டத்தில் தண்டை வெட்டினால் அடிக்கட்டை தளிர்க்கும். நின்ற நிலையில் வளையமாக உரிக்கப்பட்ட மரமோ இலையில் ஆக்கிய உணவை வேருக்கு அனுப்ப வழியின்றி நின்றபடியே சாகும்.

நான் கிராமத்து மக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. காட்டோரத்தில் அரை ஏக்கர் நிலத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கப் போராடும் ஒரு குடும்பத்திடம் போய், "உன் வேலிக்கப்பால் நிற்கும் மரத்தின் பிறப்புரிமைப் பல்வகைமை அருமையானது" என்று உபதேசிப்பது எளிது. அதன் இலாபம் நாளை முழு நாட்டுக்கும் கிடைக்கப்போகிறது என்றால், அதன் செலவை இன்று அந்த ஒரு குடும்பம் மட்டும் சுமப்பது நீதியாகாது. கறுவா ஏற்றுமதியால் நாடு ஈட்டும் வருமானத்தில் ஒரு சிறு பங்கு அதன் காட்டு உறவினர்களைக் காப்பதற்கும், காவல்காரர்களாக அந்தக் கிராமத்தவரையே நியமிப்பதற்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. அவ்வகையில் இலங்கைக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம் அது, நாம் பெருமைப்பட்டோம். பெயருக்குச் சட்டத்தில் வேலி போட்டுவிட்ட நாம் அந்தப் பெயர் பிறந்த வேருக்கும் வேலி போட வேண்டாமா?

முயற்சியே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். 2004 இல் தொடங்கிய பயிர்களின் காட்டு உறவினங்களைக் காக்கும் பன்னாட்டுத் திட்டமொன்றில் ஆர்மேனியா, பொலிவியா, மடகஸ்கார், உஸ்பெக்கிஸ்தான் ஆகியவற்றுடன் இலங்கையும் பங்குகொண்டது. நெல், வாழை, மிளகு, பயறு ஆகியவற்றோடு கறுவாவின் உறவினங்களும் நமது நாட்டின் முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் திட்டங்களுக்கு முடிவுத் திகதி உண்டு. மரத்துக்கோ நூறு ஆண்டுக் கணக்கு. திட்டம் முடிந்த பிறகும் தொடர்வது மக்களின் அறிவும் அக்கறையும்தான். சிங்கராஜ வனமே அதற்குச் சாட்சி. 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக அங்கு மரம் தறிக்கப்பட்டது. எதிர்ப்புக் குரல்கள் ஓயாமல் ஒலித்ததால் 1977 இல் அது நிறுத்தப்பட்டது. 1988 இல் அதே காடு உலக மரபுரிமையாயிற்று. அன்று பேசியவர்கள் பேசாதிருந்திருந்தால் சிங்கராஜென்ஸ் என்ற பெயர் இன்று நூலில் மட்டும் இருந்திருக்கும்.

நாம் மாணவிகள், நம்மால் என்ன செய்ய முடியும்? முதலாவது, மரநடுகை தினங்களைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாம். ஒரே நாற்றுமேடையிலிருந்து வந்த, ஒரே தாய் மரத்தின் விதைகளில் முளைத்த நூறு கன்றுகளை நட்டுப் படம் பிடித்துக்கொள்வதை விட, பத்து வெவ்வேறு தாய் மரங்களிலிருந்து முறைப்படி பெற்ற பத்துக் கன்றுகளை நட்டுப் பராமரிப்பது மேலானது. "இந்தக் கன்று எந்த ஊர் மரத்தின் விதை?" என்று நாற்றுமேடையில் கேட்கும் பழக்கம் நம்மிடம் வர வேண்டும். கேட்பவர் இருந்தால்தான் பதில் எழுதி வைப்பவரும் இருப்பார்.

இரண்டாவது, மருந்துக் கடையிலோ நாட்டு வைத்தியரிடமோ காட்டுக் கறுவாப்பட்டை வாங்கும் குடும்பத்தவர் அது எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கலாம். வாங்குபவரின் கேள்வி விற்பவரின் கையை நிச்சயம் தடுமாறச் செய்யும்.

மூன்றாவது, இந்தத் துறையைத் தேர்ந்தெடுக்கலாம். உயிரியற் பிரிவு என்றால் வைத்தியத்துறை, அது தவறினால் வாழ்வே தவறியது என்று எண்ணும் வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியுள்ளது. தாவரவியலும் விவசாய விஞ்ஞானமும் படித்து, இந்த ஏழு இனங்களும் எந்தெந்தக் காட்டுத் துண்டுகளில் எத்தனை மரங்களாக மிஞ்சியிருக்கின்றன, அவற்றின் பரம்பரையலகுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று கண்டறியும் பெண்கள் நமது கல்லூரியிலிருந்தும் உருவாக வேண்டும். காடு பெண்களுக்கு உரிய இடமல்ல என்று சொல்வோருக்கு, அடுப்படியில் கறுவாவின் தரத்தை முகர்ந்தே அறியும் நமது உம்மும்மாக்களை நினைவூட்டுவேன். அந்த மூக்கின் நுண்ணறிவுக்கு ஒரு நுணுக்குக்காட்டியும் ஒரு குறிப்புப் புத்தகமும் சேர்ந்தால் போதும்.

கடைசியாக ஒன்று. நாம் உண்டாக்காத, நம்மால் மீண்டும் உண்டாக்க முடியாத ஒன்றை நம் கையில் வைத்திருந்தால் அதற்கு நம் வழக்கில் அமானிதம் என்று பெயர். அமானிதப் பொருளை வாங்கியவர் அதில் பாதியைத் தொலைத்துவிட்டு, "பெயர் எழுதிய பெட்டி பத்திரமாக இருக்கிறது" என்று சொல்ல முடியாது. பெட்டிக்குள் இருந்ததை எண்ணித்தான் ஒப்படைக்க வேண்டும். காட்டுக் கறுவாவைப் பொறுத்தவரை நாம் இன்னும் எண்ணவே தொடங்கவில்லை. எண்ணத் தொடங்குவோம், தோழியரே, மரங்கள் நிற்கும்போதே.